கரும்புகை விடும் சிறு டிராக்டர்: கோளாறைக் கண்டறியும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குத் தனியே பருவம் என்று ஒன்று இல்லை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இப்பயிருக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. பந்தலுக்கு அடியில் நுழைந்து உழவும் மருந்தடிக்கவும் சிறு டிராக்டரை நம்பியிருக்கும் விவசாயிகள் பலர். மழை மூட்டம் போட்ட நாளில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடிக்கத் தவறினால் பூங்கொத்தும் பிஞ்சும் பாழாகிவிடும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் மக்கர் செய்தால் நட்டம் பட்டறைச் செலவோடு நிற்பதில்லை.

அண்மையில் காமயகவுண்டன்பட்டியில் ஒரு விவசாயி தம் டிராக்டரைக் காட்டினார். "அய்யா, சும்மா நின்னா நல்லா ஓடுது. மருந்தடிக்கிற மெஷினைப் போட்டுவிட்டா இழுக்க மாட்டேங்குது. புகை மட்டும் கருகருன்னு வருது. என்ஜினை இறக்கணும்ங்கிறாங்க" என்றார்.

இதற்கு முன் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். முதலில் இழுவை சற்றுக் குறைந்திருக்கிறது. ஒரு பட்டறையில் டீசல் பம்பை 'ஏற்றி' வைத்தார்கள். இரண்டு நாள் இழுவை கூடியது போலத் தெரிந்தது. பிறகு கரும்புகையும் சூடும் வந்தன. காற்று நன்றாகப் போகட்டும் என்று ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மாதம் ஓட்டினார்கள். சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தார்கள். நாசிலையும் மாற்றினார்கள். இப்படி நான்கு மாற்றங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆனால் முதலில் இழுவை ஏன் குறைந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை.

கழற்றிய ஏர் பில்டர் கொட்டகையில் கிடந்தது. பந்தலுக்குள் மருந்துத் துளியும் உழவுப் புழுதியும் சேர்ந்து அதன் மடிப்புகளில் அடைபோல் இறுகியிருந்தது. முதல் கோளாறு அதுதான்.

அடுப்பும் என்ஜினும்

காற்றில்லாத அடுப்பில் மேலும் விறகைத் திணித்தால் புகைதான் வரும். என்ஜினும் அப்படியே. ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரியச் சுமார் 10 ஆயிரம் லிட்டர் காற்று வேண்டும். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் எரியாத டீசல் கரியாகி வெளியேறும். என்ஜின் மிதமிஞ்சிச் சூடாகும். எரியாத டீசல் லைனர் சுவரில் வழிந்து கீழே உள்ள எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். எனவே பம்பை ஏற்றுவது கோளாறை நீக்குவதில்லை. அதை மூடி மறைக்கிறது.

புகையைப் படியுங்கள்

பாரம் ஏற்றும்போது இழுவை குறைந்து, புகையும் அதிகம் இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் போதவில்லை. கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதி, அல்லது நாசில் ஒழுகுகிறது, அல்லது பாரம் தாங்கும் அளவை மீறிவிட்டது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நீலப்புகை என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. ரிங், லைனர் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். வெண்புகை குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்த சிறிது நேரம் வருவது இயல்பு. சூடான பின்னும் வந்தால் டீசல் சரியாகப் பற்றவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது.

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கொண்டு போகும் என்ஜின் கீழே ஓடியதைவிடச் சற்று அதிகம் புகைந்தால் பதற வேண்டாம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. பாரத்தைக் குறைத்துக்கொள்வதே தீர்வு.

வரிசையாகச் சோதிக்க

செலவில்லாத சோதனை முதலில், என்ஜினைப் பிரிப்பது கடைசியில் என்பதை விதியாகக் கொள்ளுங்கள்.

1. கோளாறு என்ஜினில்தானா? பாரம் கொடுக்கும்போது என்ஜின் வேகம் குறையாமல் வண்டி மட்டும் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். காகித பில்டரைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. லேசாகத் தட்டி, குறைந்த அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். அடை நீங்காவிட்டால் புதிது போட வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையில் எண்ணெய் சேறானதும் மாற்றி, குறியளவு வரை மட்டும் ஊற்றுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்றும் தடவிப் பாருங்கள்.

3. அரை மணி ஓடியபின் நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். சரியானால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது.

4. வேகம் தானாக ஏறி இறங்கினால் டீசலில் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கலாம். கவர்னர் இணைப்பு இறுகியிருக்கலாம். பில்டரின் அடியில் தண்ணீரை வடித்து, காற்றை வெளியேற்றுங்கள். டீசல் பில்டரை உரிய மணிக்கு மாற்றினீர்களா என்று பாருங்கள்.

5. எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மட்டம் கூடி, டீசல் வாடை அடித்தால் உடனே என்ஜினை நிறுத்தி, காரணத்தைக் கண்டு, எண்ணெயை மாற்ற வேண்டும்.

6. இதற்குப் பிறகே டேப்பெட் இடைவெளி, நாசில், பம்ப், இறுதியாகக் கம்ப்ரஷன் சோதனை. இவற்றைக் கருவி உள்ள பட்டறையில் செய்ய வேண்டும். பீய்ச்சும் நாசிலுக்கு நேரே கையை ஒருபோதும் நீட்டாதீர்கள்; டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே பாரத்தில் ஓட்டிப் பார்த்து, தேதியோடு நோட்டில் குறித்து வையுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது குணம் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. பலரும் கை வைத்த டிராக்டரானால் முதலில் எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்குத் திருப்பிக் கொண்டுவந்த பிறகே கோளாறைத் தேடுங்கள். பம்பின் முத்திரை உடைந்திருந்தால் சோதனை மேடையில் வைத்து அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

இம்முறை சாதாரண பம்ப் உள்ள சிறு டிராக்டர்களுக்கு உரியது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசு விதிகள் வந்துள்ளன. அவ்விதிப்படி மின்னணு முறையில் டீசல் செலுத்தும் என்ஜின்களில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

விவசாயியின் டிராக்டர் என்னவாயிற்று?

புது பில்டர் போட்டு, பம்பைக் கம்பெனி அளவுக்கு இறக்கி, சைலன்சரைத் திரும்ப மாட்டியதும் கரும்புகை நின்றது, இழுவை வந்தது. என்ஜினை இறக்காமலே அந்த வாரத்து மருந்தடிப்பும் முடிந்தது. ஆனால் மெல்லிய நீலப்புகை மட்டும் நீங்கவில்லை. ஏர் கிளீனர் இல்லாமல் ஓடிய ஒரு மாதத்தில் உள்ளே போன புழுதி ரிங்கையும் லைனரையும் அரத்தைப்போல் அராவிவிட்டது. அடுத்த கவாத்துக்குள் அவற்றை மாற்றியாக வேண்டும். பில்டரோடு முடிந்திருக்க வேண்டிய செலவு ரிங், லைனர் வரை போய்விட்டது.

ஆகவே விவசாயப் பெருமக்கள் இழுவை குறைந்ததும் பம்பை ஏற்றச் சொல்லாதீர்கள். ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். எக்காரணம் கொண்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு என்ஜினை ஓட்டாதீர்கள்.