கேசட்டில் உள்ள நாகஸ்வரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதலில் செய்வது பாட்டு கேட்பதுதான். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் அதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. பரண் மேல் கிடக்கும் கேசட் பெட்டியை இறக்கிப் பாருங்கள். காருகுறிச்சி அருணாசலம் வாசித்த நாகஸ்வரம் ஒன்றாவது கிடைக்க வாய்ப்புண்டு. கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு முன் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும்.

காருகுறிச்சியார் 1921-ல் பிறந்தவர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்தவர். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு ஒலிக்கும் நாயனம் இவருடையதுதான். 1964-ல் மறைந்துவிட்டார். நம் ஊர்களில் கேசட் பரவியது அதற்குப் பிறகு. ஆகவே உங்களிடம் உள்ளது கம்பெனி கேசட்டாக இல்லாவிட்டால், ரேடியோவிலிருந்தோ ஸ்பூல் டேப்பிலிருந்தோ யாரோ பதிந்த காப்பியாகத்தான் இருக்கும். அதே கச்சேரி வேறு எங்கும் இல்லாமலும் போகலாம்.

இனி வேலைக்கு வருவோம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து நிறுவிக்கொள்ளுங்கள். இரு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ கேபிள் ஒன்று வாங்குங்கள். ஒரு முனையை டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலும், மறுமுனையை கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள நீல நிற லைன்-இன் துளையிலும் செருகவும். பக்கத்தில் உள்ள இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கானது. அதில் செருகினால் சத்தம் கரகரக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் லைன்-இன் இருக்காது. அந்த வசதியுள்ள யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆடாசிட்டியில் ரெக்கார்டிங் டிவைஸாக லைன்-இன் (அல்லது அடாப்டர்), ஸ்டீரியோ, 44100 ஹெர்ட்ஸ் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து சிவப்புப் பட்டனைக் கிளிக் செய்திடவும். லெவல் வைப்பதில்தான் கவனம் தேவை. நாயனம் ஆலாபனை செய்யும்போது சரியாகத் தெரியும் லெவல், தவில் விழுந்ததும் எகிறிவிடும். எனவே முதலில் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தை ஓடவிட்டு, அலை –6 டெசிபலைத் தாண்டாதபடி டேப்பின் வால்யூமைக் குறைத்து, பிறகு ஆரம்பத்திலிருந்து பதியுங்கள்.

டேப் வேகமும் முக்கியம். ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய பாரி நாயனத்தின் கனத்த நாதம் பழைய திமிரி போலக் கீச்சென்று கேட்டால், டேப் வேகமாக ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். எபெக்ட் மெனுவில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளை உள்ளது. அதையே பயன்படுத்தவும். சுருதியை மட்டும் மாற்றினால் காலப்பிரமாணம் தவறாகவே நிற்கும்.

‘நாய்ஸ் ரிடக்ஷன்’ வசதியைக் கண்டதும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நான் அதைத் தொடுவதே அரிது. இரைச்சலோடு சீவாளியின் கூர்மையும் போய்விடுகிறது.

60 நிமிட கேசட்டின் ஒரு பக்கம் வேவ் பைலாக 300 எம்பிக்குச் சற்று மேல் வரும். பிளாக் வடிவில் சேமித்தால் ஏறக்குறைய பாதி, தரம் குறையாது. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 30 எம்பிக்குள் அடங்கும், ஆனால் தவிலின் அடி மழுங்கும். பத்திரப்படுத்த பிளாக், போனில் கேட்க எம்பி3 என்று இரண்டாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

கர்நாடக இசை பழக்கமில்லாதவர்கள் எடுத்த எடுப்பில் அரை மணி நேர ராகத்தில் இறங்க வேண்டாம். முதலில் அந்தச் சினிமாப் பாட்டைக் கேளுங்கள். அது ஆபேரி ராகம். பின்பு காருகுறிச்சியாரின் ஆலாபனை ஏதாவது ஒன்று, அதன் பின் குருவின் புகழ்பெற்ற தோடி. குருவுக்கும் சீடருக்கும் உள்ள உறவு தானாகவே காதில் விழும்.

பைலுக்குப் பெயர் வைக்கும்போது வித்வான், ராகம், கேசட் உறையில் உள்ள குறிப்பு ஆகியவற்றை எழுதவும். ராகம் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு வைக்கலாம். ஊகித்து எழுதிய பெயர் காப்பிக்குக் காப்பி பரவிவிடும். மாற்றி முடித்த பிறகும் கேசட்டை எறியாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.