ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்

"அண்ணே, பாட்டுப் போட்டா கரகரங்குது. படம் பார்த்தா நடுநடுவே டப் டப்புன்னு வெடிக்குது. ஸ்பீக்கர் போயிருச்சுபோல." விலை கூடிய லெப்டொப் வைத்திருக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் முறைப்பாடு இது. அட்டன் வட்டாரத்தில் கூத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்று பதிவுசெய்து எடிட் பண்ணிக் கொடுப்பது என் தொழில். ஒலி சுத்தமாக இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பில்லை. அதனால் இந்தக் கரகரப்பின் பின்னால் நிறைய அலைந்திருக்கிறேன். என் கைக்கு வந்த இயந்திரங்களில் ஸ்பீக்கரே உண்மையில் பழுதாகியிருந்தவை கொஞ்சம்தான்.

கொழும்பில் இருக்கிறவர் வேலை முடிந்து போகிற வழியில் யுனிட்டி பிளாசாவில் காட்டிவிட்டுப் போகலாம். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருக்கிறவருக்கு அது ஒரு நாள் லீவு, பஸ் காசு, திரும்பவும் போய் எடுத்துவர இன்னொரு நாள். அங்கே கடைக்காரர் பாட்டைப் போடும்போது அந்தக் கரகரப்பு வராமலே போகலாம். ஆகவே மலையை விட்டு இறங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டியவை இருக்கின்றன. காசு செலவாகாததில் தொடங்கி வரிசையாகச் சொல்கிறேன்.

எப்போது வருகிறது என்று பாருங்கள்

சத்தம் எப்படி இருக்கிறது என்று விவரிக்கத்தான் எல்லோரும் பாடுபடுவார்கள். எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

முதலில் வயர் உள்ள ஹெட்போனை மாட்டி அதே பாட்டைக் கேளுங்கள். ஹெட்போனிலும் கரகரத்தால் ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை. கோளாறு மென்பொருளில் இருக்கலாம், அல்லது அந்தக் கோப்பிலேயே இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் பாட்டின் அதே இடத்தில் வெடித்தால் அது கோப்பின் குறை. கண்ட நேரத்தில் வந்தால் பெரும்பாலும் மென்பொருள்.

ஹெட்போனில் சுத்தமாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கூட்டும்போது மட்டும், அதுவும் தாழ்ந்த சுருதிகளில் மட்டும் அதிர்ந்தால் தூசியோ தளர்ந்த திருகாணியோ கிழிந்த சவ்வோ காரணமாகலாம். பாட்டுத் தொடங்கும்போதும் நின்ற பிறகும் மட்டும் ஒரு "டப்" வந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த ஒலிச் சிப்பு தூங்கி எழும்புகிறது என்று அர்த்தம். சார்ஜர் குத்தியிருக்கும்போது மட்டும் வந்தால் கரண்டுப் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொரு நல்ல சோதனை உண்டு, பலருக்குத் தெரியாது. டெல், எச்பி போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் வின்டோஸ் தொடங்குவதற்கு முன்பே இயங்கும் பரிசோதனை வசதி இருக்கிறது. அதில் ஸ்பீக்கரையும் சோதிக்கலாம். அங்கே ஒலி சுத்தமாக வந்து வின்டோஸில் மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கர் மேல் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. அங்கேயும் கரகரத்தால் வன்பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

விலை கூடியதில் ஏன் வருகிறது?

"இவ்வளவு காசு கொடுத்து வாங்கினதுல இப்படியா?" என்று எல்லோரும் கேட்பார்கள். விலை கூடியதில் ஒலிக்கான ஏற்பாடு சிக்கலானது. நான்கு, ஆறு என்று ஸ்பீக்கர்கள். அவை சூடேறாமலும் அளவுக்கு மீறி அதிராமலும் கணித்துக்கொண்டே இருக்கும் அம்ப்ளிபயர். அதற்கு மேல் டொல்பி மாதிரியான ஒலிமெருகு மென்பொருள். பெட்டரி நீடிக்க ஒவ்வொரு பாகத்தையும் அடிக்கடி தூங்கவைக்கும் ஏற்பாடு வேறு. இவற்றில் ஒன்று பிசகினாலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

2019 கடைசியில் வந்த 16 அங்குல மெக்புக் ப்ரோ இதற்கு நல்ல சாட்சி. பாட்டை நிறுத்தியதும் ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் வருகிறது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். அது மென்பொருள் கோளாறு, பாகம் எதையும் மாற்ற வேண்டாம் என்று ஆப்பிள் தன் பழுதுபார்ப்பு நிலையங்களுக்கு அறிவித்தது. அன்றைக்கு அவசரப்பட்டு ஸ்பீக்கர் மாற்றியிருந்தாலும் சத்தம் போயிருக்காது.

பெரும்பாலும் மாட்டுகிறவர் டிரைவர்தான்

ஒலி பெரும்பாலும் ஒரு நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் ஓடுகிறது. ப்ரொசெசர் அதைச் சின்னச் சின்னப் பகுதிகளாக எடுத்துக் கொடுக்கும். ஒரு பகுதி சுமார் 10 மில்லி நொடி, அதாவது 480 மாதிரிகள். அந்த நேரத்துக்குள் வேறொரு பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் ப்ரொசெசரைப் பிடித்துவைத்துக்கொண்டால் அடுத்த பகுதி வந்து சேராது. அந்த இடைவெளிதான் நம் காதில் "டிக்" என்று விழுகிறது. ப்ரொசெசர் எவ்வளவு வேகமானது என்பது இங்கே பெரிதாகக் கைகொடுக்காது.

யார் பிடித்துவைக்கிறார் என்று கண்டுபிடிக்க வின்டோஸில் லேட்டன்சிமொன் என்ற மென்பொருள் உண்டு. வீட்டுப் பாவனைக்கு இலவசம். அதை ஓடவிட்டுப் பாட்டைப் போட்டால், அதிக நேரம் எடுக்கும் டிரைவரின் பெயரைக் காட்டும். நான் பார்த்த அளவில் அடிக்கடி அகப்படுவது வைஃபை டிரைவர், அடுத்தது கிராபிக்ஸ் டிரைவர். என் சொந்த லெப்டொப்பிலும் வைஃபைதான். புது டிரைவர் போட்டதும் நின்றது.

மென்பொருள் இறக்க டேட்டா இல்லையா? வைஃபையை அணைத்துவிட்டு, ஏற்கெனவே இறக்கிவைத்த பாட்டைப் போடுங்கள். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். சிக்னல் மங்கலான இடங்களில் வைஃபை வேறு இணைப்பைத் தேடிக்கொண்டே இருக்கும். அப்படித் தேடும்போது ஒலி தடுக்கலாம்.

அதன் பிறகு செய்ய வேண்டியவை:

ஒலி அமைப்பில் மெருகூட்டும் வசதிகள் அனைத்தையும் அணைத்துப் பாருங்கள். ஒரே கிளிக்கில் சரியானவை உண்டு.

ஒலியின் மாதிரி வேகத்தை 48,000 ஹெர்ட்ஸில் வையுங்கள். எடிட் பண்ணும் மென்பொருளிலும் அதே எண் இருக்கட்டும்.

டிரைவரை லெப்டொப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல் இலக்கத்தைக் கொடுத்தே இறக்குங்கள். வின்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொடுக்கும் கடைகளில் பொதுவான டிரைவரோடு விட்டுவிடுவார்கள். அந்த மாடலின் ஸ்பீக்கருக்கென்று செய்த அளவுகள் அதில் இருக்காது. வாங்கிய அன்று இருந்த ஒலி வராது, கரகரப்பும் சேரலாம்.

வின்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியதென்றால், டிவைஸ் மெனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பாருங்கள்.

மெக் வைத்திருப்பவர்கள் எக்டிவிட்டி மொனிட்டரில் கோர்ஓடியோடி என்ற வேலையை நிறுத்துங்கள். அது தானாகவே மறுபடி எழும்பும். பல தடவை இது போதும்.

பயோஸ் புதுப்பிக்கச் சொன்னால், பெட்டரி நிறைந்து சார்ஜரும் குத்தியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கரண்டு போகிற ஊர் நம்முடையது. பயோஸ் பாதியில் நின்றால் ஸ்பீக்கரைப் பற்றிய கவலையே இல்லாமல் போய்விடும்.

கரண்டும் சிக்னலும்

லெப்டொப் சார்ஜரைப் புரட்டிப் பாருங்கள், 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும். பொழுதுசாய லயத்தில் எல்லா வீட்டிலும் கேத்தல் போட்டு வோல்டேஜ் இறங்கினாலும் நல்ல சார்ஜர் தாங்கும். பிரச்சினை வருவது எர்த் இல்லாத பழைய வயரிங்கில். உலோக உடம்புள்ள லெப்டொப்பைச் சார்ஜ் போட்டபடி தடவினால் கை கூசும். அதை அம்ப்ளிபயரோடு வயரால் இணைத்தால் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கிளம்பும். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் காரணம் அதுதான். எர்த் கம்பியை வெட்டிவிடும் வைத்தியத்தைச் சிலர் சொல்வார்கள். அது உயிருக்கு ஆபத்து. நிகழ்ச்சி முடியும்வரை பெட்டரியில் ஓட்டுங்கள், அல்லது புளூடூத்தில் இணையுங்கள்.

சார்ஜரின் வொட் அளவும் முக்கியம். 100 வொட் கேட்கும் இயந்திரத்துக்குப் போனின் சார்ஜரைக் குத்தினால், ப்ரொசெசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கனமான வீடியோ ஓடும்போது ஒலி தடுக்கும்.

"டிட் டிட் டிட்" என்று தாளக்கட்டோடு வந்தால் பக்கத்தில் இருக்கும் போனைத் தள்ளிவையுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் குறையும்போது போன் 2ஜி-க்கு இறங்கி, டவரை எட்டக் கூடிய சக்தியோடு கத்தும். வயர் போட்ட ஸ்பீக்கர் அதைப் பிடித்துக்கொள்ளும். அட்டன் டவுனில் வராத சத்தம் தோட்டத்தில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடுபனி, புகை, கம்பளி

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. தோளில் மாட்டிய பைக்குள்ளும் ஈரம் இறங்கும். குளிரில் கிடந்த லெப்டொப்பை அடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே திறந்தால் உள்ளே நீர் பூக்கும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டு, பிறகு திறவுங்கள். ஹெயார் ட்ரையர் பிடிக்க வேண்டாம். சவ்வும் பசையும் சூட்டில் கெட்டுவிடும். அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை, மாவுத்தூள்தான் உள்ளே போகும்.

தேயிலைத் தொழிற்சாலையில் தூளுக்குள் கலந்த இரும்புத் துணுக்கைக் காந்தம் வைத்துப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம் இருக்கிறது, அதே வேலையைத் தானும் செய்யும். ஸ்டேப்ளர் கம்பித் துண்டு, பட்டறைத் தூள் எதுவானாலும் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அதிர்வுக்கும் உரசும். லெப்டொப்பைக் கவிழ்த்துப் பிடித்து மெல்லிய தூரிகையால் துளைகளைத் தட்டிவிடுங்கள். காற்றுக் குப்பியை நேராகப் பீய்ச்சினால் சவ்வு கிழியலாம். விறகுப் புகை படிகிற அறையில் லெப்டொப்பைத் திறந்தபடி விடாதீர்கள்.

குளிருக்கு மடியில் கம்பளியை விரித்து அதன்மேல் லெப்டொப் வைப்பது நம் வழக்கம். பல மாடல்களில் ஸ்பீக்கர் துளையும் காற்று வாங்கும் துளையும் அடியில்தான் இருக்கின்றன. இரண்டும் அடைபட்டால் ஒலி மங்கும், சூடேறி இயந்திரமும் தடுமாறும். அடியில் ஒரு பலகையை வையுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அதிர்வோடு டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பெட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், நாமே குத்தித் திறக்க வேண்டாம்.

தப்பு அடிக்கும் இடத்தில்

மாசி மாதம் காமன் கூத்துப் பதிவுகள் வரத் தொடங்கியதும் "லெப்டொப் ஸ்பீக்கர் வெடிக்குது" என்ற முறைப்பாடும் கூடும். தப்பு மேளத்துக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதிவுசெய்திருப்பார்கள். மைக் தாங்காமல் ஒலியின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். அதை எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் கரகரக்கும். வெட்டுப்பட்ட ஒலியை முழுதாகத் திருப்பி எடுக்கவும் முடியாது. தள்ளி நில்லுங்கள். அளவை நாமே வைக்கும் வசதியுள்ள ரெகோர்டரானால், தப்பு உச்சத்தில் அடிக்கும்போது முள் −12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகளுக்கும் இதுவே அளவு.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால்

சத்தம் வரும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எந்தப் பாட்டு, எந்த அளவு சத்தம், சார்ஜர் இருந்ததா, ஹெட்போனில் வந்ததா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். "கரகரங்குது" என்று மட்டும் சொன்னால் ஸ்பீக்கரைத்தான் மாற்றுவார்கள். டுபாயிலிருந்தோ கட்டாரிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த லெப்டொப்பானால், உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று தொடர் இலக்கத்தை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். உத்தரவாதம் மிச்சமிருந்தால் பக்கத்துக் கடையில் திறக்க விடாதீர்கள்.

ஹெட்போன் சோதனை ஐந்து நிமிடம். வைஃபையை அணைத்துப் பார்ப்பது ஒரு நிமிடம். இந்த இரண்டையும் செய்யாமல் ஸ்பீக்கர் மாற்றச் சொல்லி யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.