தானே வீடு கட்டும் பாலிமர்

"ஃபார்முலான்னாலே பயம்" என்கிற நண்பர்களே! இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஃபார்முலாதான். அதையும் நாமே வருவித்துவிடலாம்.

பிளாக் கோபாலிமர் என்றால்?

ஒரு வகை மோனோமரை வரிசையாகக் கோர்த்து, அதன் நுனியிலிருந்து இன்னொரு வகையைக் கோர்த்தால் பிளாக் கோபாலிமர். பாதி மல்லி, பாதி கனகாம்பரம் வைத்துத் தொடுத்த சரம் மாதிரி. இதற்கு வழிகாட்டியவர் மைக்கேல் ஸ்வார்க். 1956-இல் அவர் விளக்கிய 'உயிருள்ள' பாலிமராக்கலில், சங்கிலியின் நுனி அடுத்த மோனோமருக்காகக் காத்திருக்கும்.

இப்போது, ஒரு பாதிக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுபாதிக்கு ஆகாது. பிரிந்து போகவும் முடியாது, நடுவே கோவலன்ட் பிணைப்பு! எனவே ஆகாத பாதிகள் உள்ளே ஒன்றுகூட, பிடித்த பாதிகள் வெளியே நிற்கும். இதுவே மிசெல்.

உருண்டையா, குச்சியா, பையா?

பருமனைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். கோளத்துக்கு ஆரத்தில் 1/3, உருளைக்கு 1/2. தட்டைப் படலத்தின் ஒரு பக்கத்துக்கு முழு நீளமும் வரும். ஆகவே,

பொதிவு எண் = உள்பகுதியின் பருமன் ÷ (மேற்பரப்பு × நீளம்)

இதை ஒரு சங்கிலிக்குக் கணக்கிட வேண்டும். 1/3 வரை கோளம், 1/2 வரை உருளை, அதற்கு மேல் 1 வரை வெசிக்கிள் எனும் பை. இஸ்ரேலாச்விலி குழுவினர் 1976-இல் சோப்பு போன்ற மூலக்கூறுகளுக்குச் சொன்னது இது.

1995-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜாங், ஐசன்பெர்க் இருவரும் பாலிஸ்டைரீன்–பாலிஅக்ரிலிக் அமிலக் கோபாலிமரை டி.எம்.எஃப்.பில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்தார்கள். ஸ்டைரீன் 200 அலகு, அதை மாற்றவில்லை. அமிலம் 21 அலகு என்றால் கோளம், 15 என்றால் குச்சி, 8 என்றால் வெசிக்கிள்! காரணம் என்ன? அமிலப் பகுதி குட்டையானால் ஒன்றையொன்று தள்ளுவது குறைகிறது. பரப்பு சுருங்க, பொதிவு எண் ஏறுகிறது.

இதனால் என்ன பயன்?

பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த பொருளில் கரைத்து ஏற்றினால் சில நோயாளிகளுக்குக் கடும் ஒவ்வாமை வருகிறது. அதே மருந்தை மிசெல்லுக்குள் வைத்த 'ஜெனெக்சால்-பி.எம்.' தென்கொரியாவில் 2007 முதல் பயன்பாட்டுக்கு வந்தது.

சிக்கலும் உண்டு. ரத்தத்தில் கலந்து செறிவு குறைந்தால் மிசெல் கலைந்து, மருந்து வழியிலேயே கொட்டிவிடலாம். கலையாமல் போய், சேர வேண்டிய இடத்தில் மட்டும் கலைய வைப்பது எப்படி? நண்பர்களே, யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்!