லேவியனுக்கு ஐம்பது வயதானபோது

வேதபாடம்: எண்ணாகமம் 8:23-26



"பிரதர், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில இருபத்தஞ்சு வருஷம் ஓடிட்டேன். நைட் டியூட்டி தாங்கல. வி.ஆர்.எஸ். கொடுத்துடலாமா? அது தேவன் கொடுத்த வேலையை உதறுறதா ஆகுமா?" ஜெபிக்க வருகிற டாக்டர்களும் நர்ஸ்மார்களும் இப்படிக் கேட்பதுண்டு.

வேதம் என்ன சொல்லுகிறது? லேவியன் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கு வந்தான். 50 வயதில் அந்த வேலையை விட்டான். ஆனால் கூடாரத்தை விட்டுப் போய்விடவில்லை. தன் சகோதரரோடு காவல் காத்தான். இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?

1. பாரத்தை இறக்குவது பாவமல்ல. வயதுக்கு வரம்பு வைத்தவர் தேவனே. தூக்கமில்லாத கை நடுங்கினால் கஷ்டப்படுவது நோயாளிதான்.

2. களைப்பில் முடிவெடுக்காதிருங்கள். சூரைச்செடியின் கீழ் எலியா சாகவே விரும்பினான். கர்த்தர் முதலில் கொடுத்தது ஆகாரமும் தூக்கமும் (1 இராஜாக்கள் 19). சிலருக்கு வேண்டியது ரிட்டயர்மென்ட் அல்ல, ஒரு மாத லீவுதான்! மேலதிகாரி மேலுள்ள கோபத்தில் கடிதம் எழுதவே வேண்டாம்.

3. செல்லும் செலவைக் கணக்குப் பாருங்கள் (லூக்கா 14:28). தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 2021 முதல் 60. 50 வயதானவர்கள், அல்லது 20 வருஷம் தகுதியான சேவை முடித்தவர்கள், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் விதி வேறு, பின் சேர்ந்தவர்களுக்கு வேறு. ஆபீசில் விசாரியுங்கள். பிள்ளைகளின் படிப்பு, மகள் கல்யாணம், வீட்டுக்கடன் எல்லாவற்றையும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். விசுவாசம் வேறு, கணக்குப் பார்க்காத அவசரம் வேறு.

4. வார்டு வேலை உலக வேலை, பிரசங்கம்தான் ஊழியம் என்று நினைத்து ராஜினாமா செய்யாதிருங்கள். பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்காவையும் பவுல் வைத்தியன் என்றே எழுதினான் (கொலோசெயர் 4:14).

5. உங்கள் காவல் எது? அரசு வேலையை விட்டாலும், மெடிக்கல் கவுன்சில் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிற டாக்டர் வைத்தியம் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு நாள் ஏழைகளைப் பார்க்கலாம். அனுபவமுள்ள சிஸ்டர் இளம் நர்ஸ்களுக்குக் கற்றுத்தரலாம்; படுக்கையில் கிடக்கிற முதியோரைப் போய்ப் பார்க்கலாம்.

பிரியமானவர்களே, இந்த வாரம் ஜெபித்து ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கம் எதை இறக்கிவைக்கப் போகிறீர்கள் என்றும், மறுபக்கம் எதைக் காக்கப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். மறுபக்கம் வெறுமையாயிருந்தால் நோட்டீஸ் கொடுக்க இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள். கர்த்தர் தாமே உங்களை நடத்துவாராக. ஆமென்.