அன்றாடத்தில் தொடரும் நெருக்கீடு

பாலியல் துஷ்பிரயோகம் நிகழ்ந்து பல காலம் கடந்தாலும் அதன் நெருக்கீடு அன்றாட வாழ்வில் தொடரக்கூடும். பின்னால் கேட்கும் காலடி, ஒரு வாசனை, நெரிசலான பஸ் போதும். நெஞ்சு படபடக்கும், உறக்கம் கெடும். இது கோழைத்தனமன்று, காப்பதற்காக மூளை எழுப்பும் எச்சரிக்கை.

நெருக்கீட்டைச் சமாளிக்கும் வழிகளை லாசரஸ், ஃபோக்மன் ஆகிய உளவியலாளர்கள் 1984இல் இரண்டாக வகுத்தனர்: பிரச்சினையை நேரே கையாளுதல், உணர்ச்சியைத் தணித்தல். ஹல்துமுல்லைத் தோட்டத்தில் லயன் அறையொன்றில் வாழும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். துன்புறுத்தியவன் அதே லயனில் இருந்தாலும் அவள் எளிதில் இடம்பெயர முடியாது. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகவேண்டும். முதல் வழி அடைபடும்போது மௌனத்தையும் ஓயாத வேலையையும் நாடுகிறாள். அம்மௌனத்தைச் சம்மதமென்றோ மறதியென்றோ கொள்வது தவறு.

முதல் வழியைத் திறந்துவிடுவது நம் அனைவரதும் கடமை. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர், அரச வைத்தியசாலைகள் பலவற்றிலுள்ள 'நட்பு நிலையம்', பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் உதவிக்கு உள்ளன.

மாணவிகளே, தோழியொருத்தி உங்களிடம் வாய் திறந்தால் "ஏன் அங்கே போனாய்?" என்று கேளாதீர்கள். "உன்னை நம்புகிறேன், குற்றம் உன்னுடையதல்ல" என்று கூறுங்கள். ஊரில் பரப்பாதீர்கள், நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடம் அவளுடன் கூடச் செல்லுங்கள்.