மஞ்சுநாத் எந்த ரகசியத்தையும் வெளியிடவில்லை

ராபர்ட்சன்பேட்டை

அன்புள்ள தம்பி,

உன் கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வரிதான் உறுத்துகிறது. மஞ்சுநாத் கடமையைச் செய்த அதிகாரி, முறைகேட்டை அம்பலப்படுத்தியவர் என்று அவரைச் சொல்ல முடியாது என எழுதியிருக்கிறாய். அம்பலப்படுத்துகிறவர் என்றால் நள்ளிரவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரிகைக்காரரிடம் நீட்டுகிறவர் என்கிற நினைப்பு சினிமா கொடுத்தது. கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல் பிள்ளைகளாவது சினிமாவை நம்பாமல் இருக்கலாம். நம் ஊரையே அதில் எப்படிக் காட்டினார்கள் என்று பார்த்தாய் அல்லவா!

சண்முகம் மஞ்சுநாத் லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்ததும், இந்தியன் ஆயிலில் சேர்ந்ததும், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்பட எரிபொருள் விற்ற பங்க்குக்கு சீல் வைத்ததும், அது திரும்பத் திறந்தபோது மறுபடி சோதனைக்குப் போய் 2005 நவம்பர் 19 அன்று 27 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டதும் உனக்குத் தெரிந்தவை. அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்பதைத்தான் நீ யோசிக்கவில்லை.

500 மில்லி ஜாடியில் டீசலைப் பிடிக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தியையும், தெர்மாமீட்டரில் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். அட்டவணையை வைத்து அந்த அடர்த்தியை 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றி, டேங்கர் லாரியோடு வந்த சலானில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகம். மண்ணெண்ணெய் டீசலைவிட லேசானது, பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே டீசலில் கலந்தால் எண் இறங்கும். பெட்ரோலில் கலந்தால் ஏறும். அன்றைக்கு ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய். டீசல் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஏழை வீட்டு விளக்குக்கு அரசு கொடுத்த மானியம் லாரியின் டேங்க் வழியாக யாருடைய சட்டைப்பைக்கோ போய்ச் சேர்ந்தது. ரசீதில் லிட்டர் சரியாக இருக்கும், பேரேட்டில் கூட்டலும் சரியாக இருக்கும். இது கலப்பட வழக்கு மட்டும்தான் என்று உனக்கு யார் சொன்னது? சுத்தமான பணமோசடி.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்டுகாமின் கதையையும் இதோடு வைத்துப் பார். 2002இல் அங்கே உள்தணிக்கைத் தலைவியாக இருந்தவர் சிந்தியா கூப்பர். பிற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கட்டிய வாடகையை அந்த நிறுவனம் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதி வைத்திருந்தது. கூப்பரும் அவருடைய குழுவும் இரவில் அலுவலகத்தில் தங்கிப் பதிவுகளைத் தோண்டினார்கள். முதல் கட்டத்திலேயே 380 கோடி டாலர் வெளியே வந்தது. கூப்பர் செய்ததும் சம்பளத்துக்கான வேலைதான். அவரைக் கடமையைச் செய்தவர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவாயா?

இதற்கு நேர்மாறாக, யாரும் அளக்காத இடம் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம். 2008 டிசம்பரில் அதன் இயக்குநர் ஒருவருக்குப் பெயர் தெரியாத மின்னஞ்சல் ஒன்று வந்தது. 2009 ஜனவரி 7 அன்று நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் கிடையாது. தணிக்கையாளர்கள் வங்கிகளிடம் நேரடியாகவே கேட்டு உறுதிசெய்திருந்தால் அது முன்பே வெளிவந்திருக்கும்.

கொஞ்சம் விலகிப் போகிறது, பொறுத்துக்கொள். ஜானகி நாயர் மைசூர் சமஸ்தானத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூலை நீ படித்தே ஆக வேண்டும். 1930இல் நம் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது, கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து. தங்கம் திருடுவான் என்ற சந்தேகத்தில் கம்பெனி தொழிலாளியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தது. அதே ஊரில் வளர்ந்த மஞ்சுநாத் முதலாளியின் தொட்டியைச் சோதிக்கப் போனார் என்பது உன் கட்டுரையில் இடம்பெறாதது பெரிய குறை.

சட்டமும் உன்னைப் போலத்தான் யோசிக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபம். தங்க நாற்கரச் சாலைத் திட்ட ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய சத்யேந்திர துபே 2003இல் கயாவில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு, இப்படிப் புகார் சொல்பவர்களைப் பாதுகாக்க 2004இல் அரசுத் தீர்மானம் வந்தது. 2014இல் அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது உரிய அதிகாரியிடம் பெயரோடு புகார் எழுதிக் கொடுப்பவருக்கானது. ஜாடியையும் ஹைட்ரோமீட்டரையும் எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போகிற ஆய்வாளருக்கு அதில் இடம் எங்கே? மஞ்சுநாத்தின் கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைத்தது உண்மை. 2007இல் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்கு விதித்த மரண தண்டனையை உயர்நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2015இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் அது சாவுக்குப் பின்னால் வந்த நீதி, பாதுகாப்பு அல்ல.

அந்த வரியைத் திருத்தி எழுது. அதற்கு முன் பங்குச்சந்தையில் உள்ள ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி, ஊழியர் முறையிடுவதற்கான ஏற்பாடு பற்றி அதில் ஒரு பத்தி இருக்கும். புகார் யார் மேஜைக்குப் போகிறது, தணிக்கைக் குழுத் தலைவரை ஊழியர் நேரில் அணுக முடியுமா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது ஜானகி நாயரையும் நூலகத்தில் கேட்டுப் பார்.

அன்புடன்,
உன் ஆசிரியர்