முதல் இரவு எங்கே படுத்தார்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

அகதிகளைப் பற்றி ஆய்வு செய்யப் போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். கேள்விப் பட்டியலைத் தயாரிக்கும் முன் யூசுப் காஸ்மிய்யே என்பவரைப் பற்றித் தெரிந்துகொள். பாலஸ்தீனர். வடக்கு லெபனானில் திரிப்போலி நகரை ஒட்டி 1955இல் அமைந்த பத்தாவி முகாமில் பிறந்து வளர்ந்தவர். பிறகு ஆக்ஸ்போர்டில் அரபு மொழி கற்பித்தார். அகதிகளின் எழுத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். முகாமைப் பற்றிய அவருடைய கவிதை நூல் 2021இல் வெளிவந்தது. அகதிகளுக்கு அகதிகளே இடம் கொடுப்பதை ஆராய்ந்த திட்டம் ஒன்றிலும் பங்குகொண்டார். அதை நடத்தியவர் லண்டன் பேராசிரியர் எலெனா ஃபித்தியான் காஸ்மிய்யே.

பத்தாவி முகாமின் கதையைக் கேள். 2007இல் சற்று வடக்கே இருந்த நஹர் அல்-பாரித் முகாமில் லெபனான் ராணுவத்துக்கும் ஓர் ஆயுதக் குழுவுக்கும் சண்டை மூண்டது. முகாம் இடிந்து தரைமட்டமானது. உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோர் பத்தாவிக்குத்தான் ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் நெருக்கியடித்துத் தங்கினார்கள். 2011க்குப் பிறகு சிரியாவிலிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. இடம் கொடுத்தவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். லெபனானில் பாலஸ்தீனர் பல தொழில்களைச் செய்ய முடியாது. சொந்தமாக நிலமோ வீடோ வாங்கவும் முடியாது. அப்படிப்பட்டவர்கள்தான் நோன்பு மாதத்தில் புதிதாக வந்தவர்களுக்கும் சேர்த்து இப்தார் உணவு தயாரித்தார்கள்.

பாலஸ்தீனரைக் கவனிக்க ஐ.நா.வில் ஓர் அமைப்பு. சிரியரைக் கவனிக்க வேறோர் அமைப்பு. ஒரே சந்தில் எதிரெதிர் வீட்டில் இருப்பவர்கள் இருவேறு பட்டியல்களில் இருப்பார்கள். பட்டியலை மட்டும் படிக்கும் ஆய்வாளருக்கு அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே கைமாறும் பாத்திரம் தெரியவே தெரியாது. யூசுப்பைப் போல உள்ளே வளர்ந்தவருக்கு அது அன்றாடக் காட்சி. அகதி ஆய்வில் அகதிகளே ஆய்வாளர்களாக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இதை வைத்துப் புகழ்மாலை தொடுத்துவிடாதே. ஆள் கூடினால் வாடகை ஏறும், கூலி இறங்கும், மனக்கசப்பு வரும். எல்லாருக்கும் கதவு ஒன்றுபோல் திறப்பதில்லை. யார் வெளியே நின்றார்கள் என்பதையும் எழுதவில்லை என்றால் உன் ஆய்வு பாதிதான்.

இது நமக்கும் தொலைதூரத்துக் கதை இல்லை. 1984இல் சா.செ.சந்திரகாசன் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு. ஈழ அகதிகள் வாழும் மண்டபம் முகாமுக்கோ கும்மிடிப்பூண்டி முகாமுக்கோ நீ போகும்போது, அரசு என்ன கொடுத்தது என்று தொடங்காதே. வந்திறங்கிய முதல் இரவு எங்கே படுத்தார்கள், பாய் யார் கொடுத்தது, பின்னால் வந்தவர்களுக்கு இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேள். பதில் சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதே. பெயரை எழுத வேண்டாம் என்றால் எழுதாதே.

முதல் வரைவை எனக்கு அனுப்பும் முன் அவர்களிடமே படித்துக் காட்டு. அவர்கள் திருத்தியதைத் திருத்தியபடியே அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்